ஓணம் வருவது சர்வருக்கு எப்படித் தெரியும்?

ஆலுவாவில் பெரியாற்றங்கரை மணப்புறம் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அமைதியாகக் கிடக்கும். மகா சிவராத்திரி இரவில் அங்கே பெருங்கூட்டம் திரள்கிறது. இரவு முழுக்க விழித்திருந்து, விடியலில் முன்னோர்க்குப் பலி தர்ப்பணம் செய்துவிட்டுத்தான் மக்கள் திரும்புகிறார்கள். அந்த ஓர் இரவுக்காகத் தனிப் பேருந்துகள் விடப்படுகின்றன. கொச்சி மெட்ரோ சேவை நேரத்தை நீட்டிக்கிறது. மணல்வெளியில் பலித்தரைகளும் பந்தல்களும் எழுகின்றன. கூட்டம் கலைந்ததும் எல்லாம் பிரிக்கப்படுகின்றன. 2023-இல் அந்த இரவு பிப்ரவரி 18, 2024-இல் மார்ச் 8, 2025-இல் பிப்ரவரி 26. தேதி ஆண்டுதோறும் நகர்ந்தாலும் ஏற்பாடுகள் தவறுவதில்லை. நெரிசல் முற்றிய பிறகு பேருந்துக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. பஞ்சாங்கம் முன்பே சொல்லிவிடுகிறது.

2004-இல் தொடங்கப்பட்ட காக்கநாடு இன்ஃபோபார்க்கின் மென்பொருள் அலுவலகங்களில் இதே முன்னேற்பாட்டுக் கேள்வி வேறு உருவில் நாள்தோறும் எழுகிறது. எந்த நேரத்துக்கு எத்தனை சர்வர் வேண்டும்? வேண்டாத நேரத்தில் அவற்றை யார் அணைப்பது? கிளவுட் எனப்படும் மேகக் கணிமையில் கணினித் திறன் வாடகைக்குக் கிடைக்கிறது. சர்வர் வேலை செய்கிறதா என்று வாடகை மீட்டர் பார்ப்பதில்லை. அது விழித்திருந்தால் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். கிளவுட் செலவில் எவ்வளவு வீணாகிறது என்று ஃப்ளெக்செரா நிறுவனம் ஆண்டுதோறும் கேட்டு வெளியிடுகிறது. நிறுவனங்கள் தாங்களாகவே ஒப்புக்கொள்ளும் அளவு சில ஆண்டுகளாகக் கால் பங்குக்கு மேல் இருந்து வருகிறது. அளந்து சொன்ன கணக்கு இல்லை, மதிப்பீடுதான். ஆனாலும் பணம் கட்டுபவர்களே சொல்லும் மதிப்பீடு.

இந்த வீண்செலவைக் குறைக்கும் வழிகளில் எளியது, நேரம் குறித்துச் சர்வர்களை ஏற்றி இறக்குவது. இன்ன மணிக்கு இத்தனை சர்வர் எழவேண்டும், இன்ன மணிக்கு இத்தனை உறங்கவேண்டும் என்று எழுதிவைத்தால் இயந்திரம் தானே செய்துவிடும். இதற்கான கருவிகள் முதிர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் தொழிலின் நாட்களையும் நேரங்களையும் அறிந்தவர்கள் ஒரு பக்கமும் சர்வரை இயக்குபவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து எழுத வேண்டிய நாள்காட்டி பெரும்பாலான நிறுவனங்களில் எழுதப்படாமலே கிடக்கிறது. செலவு குறையாமல் போவதற்கும், கூட்டம் வரும் நாளில் தளம் படுத்துவிடுவதற்கும் இந்த ஒரே குறைதான் காரணம் என்பது என் முடிவு.

மணிக்கணக்கு வாடகை

சொந்தச் சர்வர் வாங்கிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆண்டின் மிக நெரிசலான நாளுக்குப் போதுமான இயந்திரத்தை வாங்கி வைப்பார்கள். மற்ற நாட்களில் அது சும்மா ஓடும். அமேசான் 2006-இல் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியபோது கணக்கு மாறியது. 2009 மே மாதத்தில் சுமைக்கேற்பச் சர்வர் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் வந்தது. 2017 அக்டோபரில் லினக்ஸ் சர்வர்களுக்கு நொடிக்கணக்கில் கட்டணம் என்றானது. குறைந்தது 60 நொடிக்குக் கொடுத்தால் போதும். அதற்கு முன் 10 நிமிடம் ஓட்டினாலும் ஒரு மணி நேரக் கட்டணம்தான். ஆகவே அடிக்கடி ஏற்றி இறக்குவதில் லாபம் குறைவாக இருந்தது.

இந்தியாவுக்குள் தரவு மையங்கள் வந்ததும் நம் ஊர்ச் சேவைகள் உள்நாட்டிலேயே வாடகைக்கு எடுக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் அசூர் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கும் 2022-இல் ஹைதராபாத்துக்கும் வந்தது. மூன்று பெரிய கிளவுட்களிலும் இன்று நேரம் குறித்து ஏற்றி இறக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. சேவைகளைப் பல சர்வர்களில் பரப்பி இயக்கும் குபர்னெட்டீஸ் மென்பொருளில் இயங்குபவற்றுக்குக் கேடா என்ற திறந்தமூலக் கருவி இந்த வேலையைச் செய்கிறது. இவற்றில் பலவற்றுக்கு அடியில் இருப்பது யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் கிரான். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்களில் நேரத்தை எழுதும் அந்த முறை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மாறவில்லை.

அணைப்பதில்தான் பணம்

ஸ்கேலிங் என்றதும் எல்லோரும் ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறார்கள். பணம் மிச்சமாவது இறக்குவதில். அதுவும் முதலில் கைவைக்க வேண்டியது வாடிக்கையாளர் கண்ணில் படாத டெவலப்மென்ட், டெஸ்ட் சர்வர்களில். கணக்கு எளியது. வாரத்துக்கு 168 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் இரவு 8 வரை வேலை என்றால் 60 மணி நேரம். மீதமுள்ள 108 மணி நேரம், அதாவது 64 சதவீதம், யாரும் தொடாத நேரம். சர்வர் ஒன்றுக்கு மணிக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து சர்வர்களை மாதம் முழுக்க ஓடவிட்டால் 73,000 ரூபாய். வேலை நேரத்துக்கு மட்டும் என்றால் ஏறக்குறைய 26,000. எந்த மென்பொருளையும் மாற்றி எழுதாமல், எந்தச் சேவையையும் குறைக்காமல் கிடைக்கும் மிச்சம் இது. இதைச் செய்யாமல் நுட்பமான கணிப்பு முறைகளைப் பற்றிப் பேசும் நிறுவனத்தின் அக்கறையை நம்புவது எனக்குக் கடினம்.

ஆனால் அணைத்துவிட்டோம் என்று நினைத்தால் மட்டும் போதாது. பில்லில் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசூரில் சர்வருக்குள் நுழைந்து வழக்கம்போல் ஷட்டவுன் செய்தால் இயந்திரம் நிற்கும், கட்டணம் நிற்காது. கிளவுட் பக்கத்திலிருந்து ஒதுக்கீட்டை விடுவித்தால்தான் மீட்டர் நிற்கும். அமேசானில் சர்வரை நிறுத்தினாலும் அதனுடன் இணைந்த டிஸ்குக்குக் கட்டணம் உண்டு; 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி முகவரிக்கும் மணிக்கணக்கில் கட்டணம். அமேசானின் ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நிறுத்தி வைத்தால் ஏழு நாட்களில் அது தானாகவே எழுந்துவிடும். ஓண விடுமுறைக்கு முன் நிறுத்திவிட்டுப் பத்து நாள் கழித்து வருபவர், அது மூன்று நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பார். குபர்னெட்டீஸில் இன்னொரு மறைவான ஓட்டை இருக்கிறது. இரவில் பாட் எனும் சேவைப் பிரதிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு நிம்மதியடைபவர்கள் உண்டு. அவற்றைத் தாங்கிய நோட் எனும் அடிப்படைச் சர்வர்கள் நின்றால்தான் பணம் மிஞ்சும். வெளியேற்றக்கூடாது என்று குறிக்கப்பட்ட ஒரே ஒரு பாட் ஒரு முழு நோட்டை இரவெல்லாம் விழித்திருக்க வைக்கும்.

மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டுத் தள்ளுபடி வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவ்வளவு தொகைக்கு ஒவ்வொரு மணியும் பயன்படுத்துவேன் என்று உறுதி கொடுத்துவிட்டு இரவில் அணைத்தால், அணைத்த நேரத்துக்கும் பணம் போகும். எப்போதும் ஓடும் அடித்தளத்துக்கு மட்டும் ஒப்பந்தம், ஏறி இறங்கும் மேல்பகுதிக்கு நேர வாடகை என்று பிரிப்பதே சரி. இந்தப் பிரிப்பை முடிவு செய்ய, முதலில் இறக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒப்பந்தம் போட வேண்டும். நடைமுறையில் வரிசை தலைகீழாக நடக்கிறது. நிதிப் பிரிவு தள்ளுபடியைக் கண்டு முதலில் கையெழுத்திட்டுவிடுகிறது. பிறகு அணைப்பதற்கு யாருக்கும் ஊக்கமில்லை.

இரவு வேலைகளையும் மறந்துவிடக்கூடாது. பேக்கப், பாதுகாப்புத் திருத்தங்கள், கணக்கு முடிப்பு எல்லாம் சர்வர் ஓய்வாக இருக்கும் நேரமென்று இரவு 11-க்கும் 2-க்கும் வைத்திருப்பார்கள். எட்டு மணிக்கு அணைத்தால் அவை சத்தமில்லாமல் நின்றுபோகும். பல வாரங்கள் கழித்துப் பேக்கப் தேவைப்படும்போதுதான் அது தெரியவரும். சர்வர் காணாமல் போனதாக நினைத்துக் கண்காணிப்புக் கருவி அதிகாலை மூன்று மணிக்கு யாரையாவது எழுப்புவதும் உண்டு. அணைக்கும் நேரத்தை எழுதும்போதே அந்த எச்சரிக்கைக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும்.

கொச்சி நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. வேலை செய்பவர்கள் காக்கநாட்டில். வாடிக்கையாளர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும். கருவிகள் பலவும் சொல்லாவிட்டால் உலகப் பொது நேரத்தையே எடுத்துக்கொள்ளும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. திங்கள் அதிகாலை 5 மணிக்குச் சர்வர் எழவேண்டும் என்றால் பொது நேரத்தில் அது ஞாயிறு இரவு 11.30. கிழமைக் கட்டத்தில் திங்கள் என்று எழுதினால் அது செவ்வாய்க்கிழமை அதிகாலையில்தான் எழும். இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை, அங்கே உண்டு. நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே மாறிவிடுகிறது. எந்த ஊர் மக்களுக்காகச் சர்வர் எழுகிறதோ அந்த ஊரின் நேர மண்டலத்தை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை முழுதும் தீரும். வசதி இருக்கிறது, எழுதுவதில்தான் சோம்பல்.

அணைப்பதை ஊழியர்கள் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு ஒன்பது மணிக்குக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பவரின் டெஸ்ட் சர்வர் எட்டு மணிக்கே படுத்துவிட்டால், மறுநாளே அவர் தன் சர்வருக்கு விலக்கு வாங்கிவிடுவார். விலக்குகள் ஒருமுறை நுழைந்தால் வெளியேறுவதில்லை. எனவே யாரிடமும் கேட்காமல் இரண்டு மணி நேரம் நீட்டிக்கும் பொத்தான் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். நீட்டிப்பு தானே காலாவதியாக வேண்டும். அணைந்திருப்பது இயல்பு, விழித்திருக்கக் காரணம் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மட்டுமே நீடிக்கும்.

மணி பத்தடித்தால்

இனி ஏற்றும் பக்கம். கொச்சியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் எவருக்கும் ரயில்வேயின் தட்கால் முன்பதிவு தெரியும். 2015 முதல் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. அதற்கு முன் அமைதியாக இருக்கும் தளத்தில் மணியடித்த நொடியில் நாடே நுழைகிறது. சுமையைப் பார்த்துப் பிறகு கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங்கால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. சுமை கூடியதை அளவுகோல் பதிவு செய்ய ஒரு நிமிடம் முதல் ஐந்து நிமிடம். எச்சரிக்கை எழ இன்னும் கொஞ்சம். புதிய சர்வர் எழ, அதில் மென்பொருள் கிளம்ப, நலமாக இருக்கிறதா என்று சோதிக்க இன்னும் சில நிமிடங்கள். அதற்குள் இருக்கைகள் தீர்ந்திருக்கும். கூட்டம் வரும் நேரம் தெரிந்திருந்தால் அதற்கு முன்பே ஏற்றி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதைக் கடந்த அனைவருக்கும் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு திறக்கப்பட்டது. நேரத்தை அரசே அறிவித்திருந்தது. திறந்ததும் தளம் திணறிப் பிறகு மீண்டது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அரசு சொன்னது, அன்றே 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். நேரம் தெரிந்த கூட்டத்திலும் முதல் சில நிமிடங்கள் தனி ரகம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

இந்தத் துறையில் உலகமே கவனித்த பாடம் ஹாட்ஸ்டாருடையது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியபோது ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் அதில் பார்த்தார்கள். 2023 நவம்பர் 19 இறுதிப் போட்டியில் அது 5.9 கோடி ஆனது. கிளவுட் தரும் வழக்கமான ஆட்டோ ஸ்கேலிங்கை நம்பவில்லை என்று அதன் பொறியாளர்கள் பொதுமேடைகளில் விளக்கியிருக்கிறார்கள். போட்டிக்கு முன்பே சர்வர்களை ஏற்றி வைத்து, பார்வையாளர் எண்ணிக்கை ஒவ்வொரு படியைத் தொடும்போதும் அடுத்த படிக்குத் தேவையானதை முன்கூட்டியே எழுப்பும் ஏணி முறையைத் தாங்களே எழுதினார்கள். சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்பதைவிட எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்த அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பின்செல்லும் பொத்தானை அழுத்த, வீடியோவின் சுமை இறங்கி முகப்புப் பக்கத்தின் சுமை எகிறியது. வீடியோவுக்கு ஆள் குறைந்துவிட்டது என்று மற்ற சர்வர்களையும் அந்த நொடியில் இறக்கியிருந்தால் தளம் விழுந்திருக்கும். கூட்டம் கலையும் நேரத்துக்கும் தனியாகத் திறன் ஒதுக்க வேண்டும் என்பதை நம் கிரிக்கெட் கற்றுக்கொடுத்தது.

ஏற்றும்போது எந்த எண்ணை மாற்றுவது என்பது சிறு விஷயமாகத் தோன்றும். பல விபத்துகள் அதில்தான் நடக்கின்றன. சர்வர் குழுவுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம், இப்போது வேண்டியது என மூன்று எண்கள் உண்டு. 10 மணிக் கூட்டத்துக்காக 9.40-க்கு இப்போது வேண்டியதை மட்டும் நாற்பதாக உயர்த்தினால், சுமை பார்த்து இயங்கும் இன்னொரு விதி, ஆளே இல்லையே என்று அந்தச் சர்வர்களைப் பத்து மணிக்குள் இறக்கிவிடலாம். உயர்த்த வேண்டியது குறைந்தபட்சத்தை. கூட்டம் முடிந்ததும் குறைந்தபட்சத்தை மட்டும் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டு, எப்போது எவ்வளவு இறக்குவது என்பதைச் சுமை விதியிடம் விட்டுவிட வேண்டும். நேரம் தரையை நிர்ணயிக்கட்டும். அதற்கு மேல் சுமை முடிவு செய்யட்டும். இந்த வேலைப் பிரிவினை புரிந்துவிட்டால் நேரமா சுமையா என்ற பழைய விவாதத்துக்கே இடமில்லை.

குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் வரை தாமதமாகலாம் என்று அமேசானே தன் கையேட்டில் சொல்கிறது. உலகில் பலரும் மணி முழுதாகும் நேரத்தையே எழுதுவதால் அந்த நொடியில் எல்லோரும் ஒரே கிடங்கில் கேட்கிறார்கள். கேட்ட வகைச் சர்வர் கிடைக்காமல் போவதும் உண்டு. 9.40 என்பதை 9.37 என்று எழுதுவதில் செலவு ஒன்றும் கூடாது.

சர்வரை ஏற்றினால் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கும். ஒவ்வொரு சர்வரும் பத்து இணைப்பு பிடித்தால் பத்துச் சர்வர்களிலேயே அது நிறைந்துவிடும். நாற்பதாக ஏற்றியவர் நெரிசலைத் தானே உண்டாக்குகிறார். கேரளம் 2020 மே மாத இறுதியில் மது விற்பனைக்காக வெளியிட்ட பெவ்கியூ செயலி இதற்கு உள்ளூர் உதாரணம். பொதுமுடக்கத்தில் கடை வாசலில் கூட்டம் சேராமலிருக்கக் கொச்சியின் இளம் நிறுவனம் ஒன்று அதை உருவாக்கியது. கூட்டம் வரும் நாளும் நேரமும் தெரிந்தவைதான். மக்கள் முட்டி நின்ற இடம் ஓடிபி. குறுஞ்செய்தி அனுப்பும் வழி நெரிசலில் அடைபட, ஓடிபி வராமல் பலரும் வாசலிலேயே நின்றார்கள். நம் சர்வரை ஏற்றும் உரிமை நம்மிடம் இருக்கிறது. குறுஞ்செய்தி, பணம் செலுத்தும் வாயில், ஆதார் சரிபார்ப்பு போன்றவற்றை ஏற்றும் உரிமை நம்மிடம் இல்லை. அவர்களுக்கும் தேதியை முன்பே சொல்லியாக வேண்டும். நாள்காட்டி நிறுவனத்துக்கு வெளியேயும் போகவேண்டும் என்பது இதன் பொருள்.

பதினான்கு நாள் நினைவு

நாள்காட்டியை மனிதன் ஏன் எழுத வேண்டும், இயந்திரமே கற்றுக்கொள்ளாதா என்ற கேள்வி இன்று எல்லா இடத்திலும் எழுகிறது. அமேசான் 2018-இல் கணித்து ஏற்றும் முறையை அறிமுகப்படுத்தியது. கடந்த 14 நாட்கள் வரையிலான பதிவைப் படித்து அடுத்த 48 மணி நேரத்தை அது கணிக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் ஏறி இரவில் இறங்கும் சேவைக்கு, வாரநாளும் வாரஇறுதியும் ஒரே ஒழுங்கில் திரும்பும் சேவைக்கு, அது நன்றாகவே உழைக்கும். அப்படிப்பட்ட இடங்களில் கையால் எழுதிய அட்டவணையைவிட அதையே நான் பரிந்துரைப்பேன். பழக்கங்கள் மெல்ல நகரும்போது அட்டவணை பின்தங்கிவிடும், கணிப்பு கூடவே நகரும்.

ஆனால் 14 நாள் நினைவுள்ள எதற்கும் ஓணம் தெரியாது. திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5. ஓராண்டுப் பதிவையே கொடுத்துத் தேதியைப் பொருத்தினாலும் தவறான நாளில்தான் ஏறும். கிரானின் ஐந்து கட்டங்களிலும் சிங்க மாதத் திருவோண நட்சத்திரத்தை எழுத இடமில்லை. ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அத்தத்தில் மெல்லத் தொடங்கும் கடைவீதி உத்திராடத்தன்று உச்சத்தைத் தொடும். துணிக்கடையின் இணையதளமும் அப்படித்தான். திருவோணத்தன்று மதியம் சத்யா விருந்துக்கு எல்லோரும் இலைமுன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் விற்பனைத் தளம் காலியாக இருக்கும். ரமலான் மாதத்தில் உணவுச் செயலிகளின் நாள் முழுதுமே இடம் மாறுகிறது. நோன்பு திறக்கும் மாலை வேளைக்கும் விடியலுக்கு முந்தைய சஹருக்கும் கூட்டம் நகரும். பிறை தெரிவதைப் பொறுத்து ஒருநாள் முன்பின் ஆகும். அட்சய திருதியைக்கு நகைக்கடை, பொங்கலுக்கு முன் பேருந்து முன்பதிவு, ஜூலை 31-க்கு வருமான வரித் தளம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பஞ்சாங்கம்.

இதை அறிந்தவர்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். கடைசி ஓணத்தில் எந்த நாள் இரவு எத்தனை மணிக்கு அழைப்புகள் குவிந்தன என்று வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருப்பவருக்குத் தெரியும். எந்தத் தேதியில் பாதி விலை விளம்பரம் பத்திரிகையில் வரப்போகிறது என்று விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். சர்வரை இயக்குபவருக்கு அது விளம்பரம் வெளியான காலையில் தெரியவருகிறது. ஆகவே ஒரு பொதுக் கோப்பு வேண்டும். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வழக்கத்தைப் போல் எத்தனை மடங்கு, தகவல் தந்தவர் பெயர் என ஐந்தாறு பத்திகள் போதும். அந்தக் கோப்பைப் படித்துக் கிளவுடில் விதியாக எழுதும் சிறு நிரலைப் பொறியாளர் ஒருவர் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். கோப்பைத் திருத்தும் உரிமை விற்பனைப் பிரிவுக்கும் இருக்க வேண்டும். எல்லை மீறிய எண்ணுக்கு மட்டும் பொறியாளர் ஒப்புதல் தரட்டும். விழா முடிந்த வாரத்தில், நினைத்த மடங்குக்குப் பக்கத்தில் உண்மையில் வந்த மடங்கை எழுத வேண்டும். கணிப்பு இயந்திரத்துக்குக் கொடுக்கத் தகுந்த நினைவு மூன்று நான்கு ஆண்டுகளில் அதிலிருந்துதான் உருவாகும்.

இரவு இல்லாத வங்கி

ஆலுவாவில் ஃபெடரல் வங்கியின் தலைமையகம் இருக்கிறது. 1931-இல் திருவல்லா அருகே நெடும்புறத்தில் பிறந்த வங்கியை 1945-இல் கே.பி. ஹோர்மிஸ் ஏற்று ஆலுவாவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வங்கிக்கு மாலையில் கதவடைப்பு உண்டு. கணினி வந்த பிறகும் இரவு என்பது கணக்கு முடிக்கும் நேரமாகவே இருந்தது. இன்று எந்த வங்கிக்கும் அந்த இரவு கிடையாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. யுபிஐ பரிவர்த்தனைகள் 2023 ஆகஸ்டில் ஒரு மாதத்துக்கு ஆயிரம் கோடியைத் தாண்டின. இரவில் அணைப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. மாதத்தின் முதல் நாட்கள், சம்பளம் வரும் காலை, விழாக்கால மாலை ஆகிய உச்சங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இங்கேதான் வேறொரு வழி புலப்படுகிறது. சர்வரைக் கூட்டத்துக்கேற்ப ஏற்றுவதற்குப் பதில் கூட்டத்தின் ஒரு பகுதியை நகர்த்துவது. தேசியப் பணம் செலுத்தல் கழகம் 2025 ஆகஸ்ட் 1 முதல் யுபிஐ ஆட்டோபே எனும் தானியங்கித் தவணைப் பிடித்தங்களை உச்ச நேரங்களில் செய்யக்கூடாது என்று விதித்தது. காலை 10-க்கு முன், பிற்பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின் மட்டுமே அவை நடக்கும். ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்பைப் பார்க்கவும் முடியாது. தவணை மதியம் இரண்டு மணிக்குப் போனால் என்ன, காலை பதினொன்றுக்குப் போனால் என்ன? கடன் வாங்கியவருக்கு வேறுபாடில்லை. கடையில் கியூஆர் குறியைக் காட்டி நிற்பவருக்கு உண்டு. தட்காலை ஏசிக்கு ஒரு மணி, மற்றவற்றுக்கு ஒரு மணி என்று பிரித்ததும் இதே சிந்தனைதான். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகள் மாணவர்கள் பள்ளியில் தந்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் செல்கின்றன. அப்படிப் போய்ச்சேரும் ஒவ்வொரு செய்தியும் தளத்தைத் தட்டும் ஒரு கையைக் குறைக்கிறது. செலவுக் கட்டுப்பாட்டைப் பற்றிய விவாதங்களில் இந்த வழி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. கிளவுட் விற்பவர் இதைச் சொல்லப்போவதில்லை.

எங்கே நிறுத்துவது

சொந்தத் தரவு மையத்தில் இயங்கும் அரசுச் சேவைகளுக்கு இந்த மிச்சம் கிடைக்காது. இயந்திரம் வாங்கியாகிவிட்டது, அணைத்தால் மின்சாரம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. வாடகை மீட்டர் இருக்கும் இடத்தில் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். சிறு நிறுவனத்தில் இரண்டே சர்வர் ஓடினால் அட்டவணை எழுதும் உழைப்பே மிச்சத்தைத் தின்றுவிடும்.

மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் வாடிக்கையாளர் பயன்படுத்தும் தளத்தைப் பூஜ்யம்வரை இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். 2025 அக்டோபர் 20 தீபாவளி. அன்று நம் நேரப்படி நண்பகல் கடந்த வேளையில் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் பெருந்தடை ஏற்பட்டது. தொடங்கியது ஒரு தரவுத்தளச் சேவையின் பெயர்முகவரிக் கோளாறில். ஆனால் அதன் தொடர்ச்சியாகப் புதிய சர்வர்களை எழுப்புவது நம் நேரப்படி மறுநாள் அதிகாலைவரை, ஏறக்குறைய 14 மணி நேரம், சீராகவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் கிட்டத்தட்ட ஒரு முழு வேலைநாள் அதற்குள் அடங்கிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் பெரும்பாலும் ஓடின. அந்த மையத்தில் முந்தின இரவு இறக்கிவிட்டுக் காலையில் ஏற்றலாம் என்றிருந்தவர்களுக்கு அன்று ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. இறக்கிய ஒவ்வொன்றும் மறுபடி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இறக்கப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு எவரும் எழுத்துறுதி தருவதில்லை. தனியாகக் கட்டணம் கட்டித் திறனை முன்பதிவு செய்தால் மட்டுமே இடம் உறுதி, அதுவும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய கட்டணம்.

எனவே டெஸ்ட் சர்வர்களை இரவில் முழுதாக அணைக்கலாம். மருத்துவமனை, வங்கி, பயணச்சீட்டு போன்ற சேவைகளில், வழக்கமான காலைக் கூட்டத்தைத் தடுமாற்றத்தோடாவது தாங்கும் அளவுக்குக் கீழே தரையை இறக்கக்கூடாது. அந்தத் தரைக்கான செலவை வீண் என்று கணக்கெழுதுவதும் தவறு. மொத்த பில் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்ப்பவர்கள்தான் அந்தத் தவறைச் செய்கிறார்கள். ஓண மாதத்தில் பில் ஏறுவது இயல்பு. ஒரு முன்பதிவுக்கு, ஒரு பரிவர்த்தனைக்கு எவ்வளவு ஆனது என்று வகுத்துப் பார்த்தால்தான் அட்டவணை வேலை செய்கிறதா என்று தெரியும். விதிப்படி ஏறவில்லை என்றால் எச்சரிக்கை எழவேண்டும். அந்த எச்சரிக்கை, விழா நாளில் கையால் ஏற்றும் பொறுப்பும் உரிமையும் உள்ள ஒருவரின் கைபேசிக்குப் போகவேண்டும். ஓண விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் அவர் ஒருமுறையாவது அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.